அலைகளுக்குக் காவல் நிற்கும் ஊர்

புனே நகரில் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டவை. சனிவார் வாடா, பர்வதிக் குன்று, ஆளந்தி, தேஹு. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் பீமாசங்கரம் அல்லது லோணாவளா. நாசிக் சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் வடக்கே சென்று நாராயண்காவ் என்னும் ஊரில் இறங்குவோரும் உண்டு. ஆனால் அவர்கள் அங்கிருந்து மேற்கே திரும்பி, சிவாஜி மகாராஜா பிறந்த சிவநேரிக் கோட்டைக்கே போகிறார்கள். கிழக்கே திரும்புவோர் அரியர். கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் கோடத் என்ற சிற்றூர் வரும். கோட்டை இல்லை, அருவி இல்லை. வெங்காய வயல்களுக்கு நடுவே முப்பது ராட்சதக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கின்றன. உலகத்து வானநூல் அறிஞர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். சென்ற குளிர்காலத்தில் நாங்களும் போய்வந்தோம்.

போனதற்குக் காரணம் வானநூல் அன்று. எங்கள் வீட்டுப் பெரியம்மாவின் தலைவலி. அதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

நாம் குடியிருக்கும் தெருவில், எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் இரண்டாண்டுகளுக்கு முன் கைபேசிக் கோபுரம் ஒன்று எழுந்தது. மாத வாடகை வருகிறது என்று அந்தக் கட்டடத்தார் மகிழ்ந்தனர். வாடகை வராத கட்டடத்தாருக்கெல்லாம் அன்று முதல் உடல்நலத்தைப் பற்றிய கவலை பிறந்தது. இதை வேடிக்கையாகச் சொன்னாலும், உண்மையாகவே துன்பப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெரியம்மா. வயது அறுபத்தெட்டு. பெரியப்பா காலமான பிறகு மன்னார்குடிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கியவர். இரவு முழுவதும் உச்சந்தலை எரிகிறது, காதுக்குள் வண்டு குடைகிறது, கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை என்பார். ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு விடியும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கோபுரத்து அலைதான் தம்மைத் தின்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், “பாட்டி, அலை தலைக்குள் போனால் உங்கள் காதிலேயே பாட்டுக் கேட்கலாமே!” என்று சிரித்தார். அதற்குப் பிறகு பெரியம்மா அதைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை. ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். அங்கே அவருக்கு இருப்பது பூட்டிய ஓட்டு வீடு ஒன்று. மூன்று தெரு தள்ளி ஓர் உறவினர். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவரை அங்கே தனியாக அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் கட்டுப்பாடு உள்ள ஊர் ஒன்று இருக்கிறது, அதுவும் அருகிலேயே, என்று சங்கத்துக் கூட்டத்தில் எவரோ சொன்னதைப் பெரியம்மா கேட்டுவிட்டார்.

“தம்பி, அந்த ஊர்ப் பக்கம் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிடுகிறேன். அங்கேயும் தூக்கம் வராவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். வந்துவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடு” என்றார்.

இந்த நிபந்தனையோடு புறப்பட்டவர்கள் நாம், நம் மனைவி, பெரியம்மா ஆகிய மூவர். தொலைநோக்கியைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எஸ்.டி. பஸ் ஏறினோம். சாக்கண் வரையில் தொழிற்சாலைகளும் லாரிகளும் நெரிசலும்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ராஜகுருநகரில் பீமா நதியைக் கடந்தபின் காற்றே மாறிவிடுகிறது. பகத்சிங்கோடு தூக்கிலிடப்பட்ட ராஜகுரு பிறந்த ஊர் அது. முன்பு கேட் என்று பெயர். மஞ்சர், களம்ப் என்று ஊர்கள் கடக்கக் கடக்க, கரும்பும் வெங்காயமும் திராட்சைப் பந்தலும் சாலையின் இருமருங்கும் தொடர்கின்றன. இந்தக் கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் குட்டி போட்டு வளர்க்கின்றன என்றும், இரவில் தனியே நடமாடக் கூடாதென்றும் பக்கத்து இருக்கைக்காரர் எச்சரித்தார். ஜுன்னர் வட்டாரத்துச் சிறுத்தைகளின் புகழ் நாம் முன்பே செய்தித்தாளில் படித்ததுதான். “அலைக்குப் பயந்து வந்தால் இங்கே சிறுத்தையா?” என்று பெரியம்மா சிரித்தார். பல மாதங்களுக்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

நாராயண்காவில் மிசள் உண்டு, தேநீர் அருந்தி, பங்கு ஜீப்பில் ஏறிக் கோடத் சென்றோம். ஊருக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே வயல்களுக்கு மேல் முதற் கிண்ணம் தென்பட்டுவிடுகிறது.

இதன் முழுப் பெயர் ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் இதை நடத்துகிறது. ஒவ்வொரு கிண்ணமும் 45 மீட்டர் விட்டமுடையது. நம் ரயில்வே கணக்கில் சொன்னால், இரண்டு பயணிப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம். பதினான்கு கிண்ணங்கள் ஒரு கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. மற்றப் பதினாறும் மூன்று கைகளாகப் பிரிந்து, வயல்களையும் குன்றுகளையும் தாண்டி 25 கிலோமீட்டர் வரை பரவியிருக்கின்றன. எல்லாவற்றையும் கண்ணாடியிழைக் கம்பிகள் ஒன்றோடொன்று இணைப்பதால், முப்பதும் சேர்ந்து ஒரே பெரும் செவியாக வேலை செய்கின்றன.

கிண்ணம் என்கிறோமே தவிர, அருகே சென்று அண்ணாந்து பார்த்தால் ஊடே வானம் தெரிகிறது. தகடு கிடையாது, மெல்லிய எவர்சில்வர்க் கம்பியாற் பின்னிய வலை. அதை இழுத்துப் பிடிக்கவும் கம்பிக் கயிறுகளே. மீட்டர்க் கணக்கில் நீண்ட அலைக்கு, விரலகலத்து ஓட்டை ஓர் ஓட்டையே அன்று; வலையும் தகடும் அதற்கு ஒன்றுதான். வலையானதால் காற்று ஊடுருவிப் போய்விடும், எடை குறையும், செலவும் குறையும். இந்த யோசனை பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களுடையது. 2020-ஆம் ஆண்டு காலமான இந்தப் பெரியார், இதற்கு முன்னரே நம் நீலகிரியில் ஒரு தொலைநோக்கியைக் கட்டியவர். உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையதாக 1970-ஆம் ஆண்டு அது எழுந்தது. அவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. அதே 11 பாகைச் சரிவுடைய மலைச்சாரலைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்ததால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே பல மணி நேரம் ஒரு விண்மீனைத் தொடரலாம். கோடை விடுமுறைக்கு ஊட்டி போகும் நம்மவர்கள் தாவரவியல் தோட்டத்தோடு திரும்பிவிடுவது வழக்கம். முத்தோரைச் சரிவையும் ஒருமுறை பார்த்து வரலாம்.

வாயிலிலேயே கைபேசிகளை அணைத்துவிடச் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு அது மிகுந்த திருப்தியைத் தந்தது. “பார்த்தாயா, படித்தவர்களே பயப்படுகிறார்கள்” என்று நம் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

அழைத்துச் சென்று காட்டிய பொறியாளர் மராட்டிய இளைஞர். பெரியம்மாவை ‘மாவ்ஷி’ என்று அழைத்தார். சிற்றன்னை, பெரியன்னை முறைக்கு மராத்தியில் அதுவே பெயர். அவர் இந்தியில் சொல்வதை நாம் தமிழில் சொல்லி வந்தோம். விண்மீன்களும் வாயு மண்டலங்களும் ஒளியை மட்டுமல்லாமல் ரேடியோ அலைகளையும் ஓயாது வீசுகின்றன. இதை உலகம் அறிந்தது ஒரு தற்செயலால்தான். அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில், கடல் கடந்த தொலைபேசியில் கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று ஆராயப் போய், அதில் ஒரு பகுதி பால்வீதியிலிருந்தே வருகிறது என்று கண்டார். இன்றும் அந்த அலைகளை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அவை நம்மை வந்தடையும்போது எவ்வளவு நலிந்திருக்கும் என்பதற்குப் பொறியாளர் ஓர் உவமை சொன்னார். சந்திரனில் ஒரு சாதாரணக் கைபேசியை வைத்துப் பேசினால், அந்த அலைவரிசையில் வானத்திலுள்ள மிகப் பிரகாசமான ஓரிரு பொருள்களுக்கு அடுத்தபடியாக அந்தக் கைபேசிதான் சுடர்விடுமாம். 2016-ஆம் ஆண்டு அக்டோபரில், செவ்வாய்க் கிரகத்தில் இறங்க முயன்ற ஸ்கியாபரெல்லி என்ற ஐரோப்பியக் கலத்தின் மெல்லிய குரலை இந்தக் கோடத்துக் கிண்ணங்களே கேட்டுக்கொண்டிருந்தன. தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தக் குரல் அறுந்ததையும் அவையே கேட்டன.

இத்தகைய செவிக்குப் பக்கத்தில் எவரேனும் பேசினால் என்ன ஆகும்? அதனால்தான் இந்தக் காவல். இடத்தைத் தேர்ந்தபோதே, மனிதன் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் குறைவு என்பதையும், சுற்றிலும் குன்றுகள் அரணாக நிற்பதையும் பார்த்தார்கள். சுற்று வட்டாரத்தில் தொழிற்சாலையோ கோபுரமோ வருவதானால் இவர்களைக் கலந்துகொள்ள வேண்டும். ஆனால் இவர்களுக்கு மிகுந்த தொல்லை கொடுப்பது கோபுரம் அன்றாம். வயல் வழியே போகும் மின்கம்பங்களில் எங்கேனும் இணைப்புத் தளர்ந்து பொறி பறக்கிறதே, அதுதானாம். அந்தப் பொறி எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் கூச்சலிடும். கருவியைச் சுமந்துகொண்டு கம்பம் கம்பமாகத் தேடிப் போய், மின்வாரியத்தாரிடம் சொல்லிச் சரிசெய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்துத் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாகப் புரியாதிருந்த ஒருவகைத் துடிப்பு, அங்கேயே சமையலறையில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பை வேலை முடியும் முன்னரே கதவு திறந்ததால் உண்டானது என்று 2015-ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். பசியோடிருந்த யாரோ ஒருவர்!

நமது இலாகாவுக்கும் இதில் பங்கு உண்டு. புனேயிலிருந்து நாசிக்குக்கு நேர் ரயில் பாதை வேண்டும் என்பது இவ்வட்டாரத்தின் நீண்ட நாள் ஏக்கம். சுமார் 235 கிலோமீட்டருக்கு வகுத்த திட்டம் நாராயண்காவ் பக்கமாகவே சென்றது. மின்சார ரயில் ஓடும்போது மேற்கம்பிக்கும் அதைத் தொடும் சட்டத்துக்கும் இடையே பொறி பறப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதை இந்தச் செவிகள் தாங்கா. தொலைநோக்கிக்கு இடையூறாகும் என்பதால் அந்த வழித்தடத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று மத்திய அரசு 2025-இல் தெரிவித்தது. நாராயண்காவில் தேநீர்க் கடைக்காரர் இதைச் சொல்லி வருந்தினார். நாம் ரயில்வேக்காரர் என்று தெரிந்ததும், ஏதோ நம் கையெழுத்தில்தான் அந்தக் கோப்பு நின்றுவிட்டது போல் நம்மையும் ஒரு பார்வை பார்த்தார்.

இனிப் பெரியம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின், அவர் தாமறிந்த இந்தியிலேயே நேராகப் பொறியாளரைக் கேட்டார்:

“இங்கே அலையே கிடையாதா?”

“உண்டு மாவ்ஷி. எங்கும் உண்டு. வாருங்கள்” என்று சொல்லி, அவர் ஒரு திரையைக் காட்டினார். தரைமட்டத்தில் புல்லைப் போல் ஒரு கோடு; அதில் அங்கங்கே பனைமரம் போல் சில கூர்முனைகள். இது பண்பலை வானொலி, இது தொலைக்காட்சி, இது கைபேசி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “நாங்கள் காவல் காப்பது இந்தப் புல்லுக்காக. உங்கள் உடம்புக்கு ஆகாது என்பதற்காக அல்ல. எங்கள் கருவிக்குக் காது மிகவும் கூர்மை, அவ்வளவுதான்.”

“என் தலைக்கும் காது கூர்மையாக இருக்கலாமே?” என்றார் பெரியம்மா.

அந்த இளைஞர் சிரிக்கவில்லை. சற்று யோசித்து, “நான் வைத்தியன் அல்லன், மாவ்ஷி. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னார். எரிச்சல் எப்போது தொடங்கியது, பகலில் உண்டா, மழைக்காலத்தில் எப்படி என்றெல்லாம் கேட்டார். அரைமணி நேரம் அவரோடு பேசினார். எங்கள் தெருவில் இந்த இரண்டாண்டுகளில் எவரும் பெரியம்மாவோடு இவ்வளவு நேரம் இதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தச் சோதனைகளைப் பற்றி நாம் பின்னர் படித்தறிந்ததை இங்கே சொல்வது பொருந்தும். பெரியம்மாவைப் போல் அலையால் தமக்குத் துன்பம் என்று சொல்வோர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிசாலையில் அவர்களை உட்கார வைத்து, மறைவில் ஒரு கருவியைச் சிலவேளை உண்மையாகவே இயக்கியும், சிலவேளை இயக்குவதாகப் பாவனை செய்தும் பார்க்கிறார்கள். எப்போது எது என்பது உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, குறிப்பெடுப்பவருக்கும் தெரியாது. 725 பேரைக் கொண்டு நடந்த 31 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டு லண்டன் அறிஞர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: அலை இருப்பதை உடம்பால் அறிந்து சொல்லும் ஆற்றல் இவர்களுக்கு உண்டென்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. அவர்களே 2006-இல் நடத்திய மற்றொரு சோதனையில், கருவி இயங்கியபோது தலைவலி வந்தது. இயங்குவதாகப் பாவனை செய்தபோதும் வந்தது. இரண்டாவது செய்தியை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். வலி வந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2005 டிசம்பரில் இதையே சொன்னது: துன்பம் மெய்யானது, சிலரை முடக்கிப்போடும் அளவுக்குக் கொடியது, ஆனால் அதற்குக் காரணம் மின்காந்த அலை என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

புற்றுநோயைப் பற்றிய அச்சம் வேறு விஷயம். இரண்டையும் நம் கூட்டங்களில் குழப்பிக்கொள்கிறார்கள். 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம்’ என்னும் வகையில் வைத்தது. ‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மேடையில் முழங்குவோர் உண்டு. அதன்பின் பல ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, கைபேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2024-இல் ஓர் அறிக்கை வந்தது. அதைத் தயாரிக்கச் சொன்னதும் உலக சுகாதார நிறுவனமே. இந்திய அரசோ, 2012 செப்டம்பர் முதல், கோபுரங்களுக்கான உச்சவரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், மற்ற நாடுகள் பலவற்றில் 4.5. சந்தேகமுள்ளவர் அளந்து காட்டச் சொல்லவும் வழி செய்து, 2017-இல் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளத்தையும் தொடங்கியது. வேண்டுவோர் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். கோபுரத்தை எதிர்த்துத் துணிப் பதாகை அடிக்க எங்கள் தெருவார் செலவிட்டது அதைவிடக் குறைவன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபுரம் தொலைவிலும் கைபேசி காதோரத்திலும் இருப்பதால், நம் உடம்பில் படும் அலையில் பெரும்பங்கு நம் கைபேசியினுடையதே. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. அருகில் இருந்தால் மெல்லப் பேசினாலே போதும். ஆகவே கோபுரத்தை விரட்டினால் காதருகே அலை கூடவும் கூடும். பதாகை பிடித்தவர்களிடம் நாம் இதைச் சொன்னபோது எவரும் விரும்பிக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கும் ஒரு மாபெரும் தொலைநோக்கி. அதைச் சூழ 34,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை 1958-ஆம் ஆண்டிலேயே ரேடியோ அமைதி வலயம் என்று அறிவித்தார்கள். அலையால் துன்புறுவதாகச் சொல்லும் மக்கள் தம் வீடு வாசலை விட்டு அங்கே போய்க் குடியேறியிருக்கிறார்கள். சிலருக்கு அங்கே நலமும் கிடைத்திருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். வலயத்துக்குள்ளேயும் எத்தனையோ வீடுகளில் கம்பியில்லா இணையம் ஓடுகிறது என்பது வேறு கதை. கருவிக்கென்று வைத்த காவலை மனிதர் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மாவும் அதற்காகத்தானே கோடத் வந்தார்?

அன்றிரவு நாராயண்காவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். ஒன்பது மணிக்குப் பெரியம்மா படுத்தார். பத்து மணிக்கு நாம் எட்டிப் பார்த்தபோது ஆழ்ந்த உறக்கம். ஈரத் துண்டு பைக்குள்ளேயே இருந்தது. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தோம். சாலைக்கு அப்பால், எங்கள் தெருவில் இருப்பதைவிட உயரமாக, மூன்று பக்கமும் வெள்ளைப் பட்டைகள் தொங்க, ஒரு கைபேசிக் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று நாமும் மனைவியும் கண்ணால் பேசிக்கொண்டிருக்கையில், பெரியம்மாவே பின்னால் வந்து நின்றார்.

“நேற்றைக்கு ஜீப்பை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன்” என்றார். பிறகு, “தூக்கம் வந்ததும் நிஜம். அது நிற்கிறதும் நிஜம். இப்போது நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு தம்பி” என்றார்.

இந்த ஓர் இரவைக் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. பகல் முழுவதும் வெயிலில் நடந்த அலுப்பு, புது இடம், பேசிய நிறைவு, எதுவாகவும் இருக்கலாம். நாம் அவரிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். ஊருக்குப் போவதா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு வைத்தியரிடம் போவோம் என்றோம். அதுவரை ‘கோபுரத்தை எடுக்காமல் வைத்தியர் என்ன செய்வார்’ என்று மறுத்து வந்தவர், அன்று சரி என்றார். வைத்தியர் பரிசோதித்ததில் இரத்தச் சோகையும் இரத்தக் கொதிப்பும் இருந்தன. இரண்டுக்கும் மருந்து கொடுத்தார். படுக்கும் நேரத்தை ஒழுங்கு செய்தார். பகல் உறக்கத்தை நிறுத்தினார். யார்டில் வண்டிகள் மோதும் ஓசை கேட்காத பின்னறைக்குக் கட்டிலை மாற்றினோம். உச்சந்தலை எரிச்சல் இப்போது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கிறது. அது கோபுரத்தால்தான் என்று இன்னமும் சொல்கிறார். நாங்கள் மறுப்பதில்லை. எதிர்த்து வாதாடிய காலத்தில் அவர் ஒருநாளும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியதில்லை. சித்திரையில் ஊருக்குப் போக வேண்டும் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. போகட்டும் என்று சீட்டு எடுத்துவிட்டோம். திரும்பிவரும் சீட்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறோம். நமது ரயில்வே பாஸ் பெரியம்மாவுக்குச் செல்லாது, முழுக் கட்டணம்தான்.

நமது அலுவலக ஜன்னலுக்கு வெளியே 25,000 வோல்ட் கம்பி போகிறது. அதன் கீழேயே வாழ்நாளைக் கழிக்கும் கம்பி ஊழியர் சிலரிடம் உறக்கத்தைப் பற்றி விசாரித்தோம். அந்தக் கம்பியின் மின்புலம் கைபேசி அலையினின்றும் வேறான இனம் என்பதை அறிவோம்; இருந்தாலும் ஆவல் விடவில்லை. உறக்கம் கெடுவது உண்மைதான் என்று அவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். காரணம் இரவுப் பணி என்றார்கள்.

கோடத் போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். தொலைநோக்கியைப் பார்க்கப் புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வானியற்பியல் மையத்துக்கு முன்கூட்டி எழுதி அனுமதி பெற வேண்டும். அவர்கள் குறிக்கும் நாளில்தான் போக முடியும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறலைக் கண்ட நாள் அது. அதையொட்டி அங்கே பள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சி நடப்பது வழக்கம். குழந்தைகளை அழைத்துச் செல்ல அது நல்ல சமயம். நாராயண்காவிலிருந்து கோடத்துக்குப் பங்கு ஜீப்புகள் உண்டு. ஆள் சேர்ந்தால்தான் நகரும். வெயிலுக்கு நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். கட்டுச்சோறு கொண்டு போவது உத்தமம். தயிர்சாதம் மதியம் வரை தாங்கும். கைபேசியை அணைத்துவிட வேண்டுமாதலால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்பதை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளவும். திரும்பும் ஜீப் இருட்டுமுன் கிடைக்கிறதா என்பதை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிட வேண்டும். சிறுத்தைகளைப் பற்றி மேலே சொன்னோம்.